சாப்டாச்சா ஸ்டுடியோ

டிசம்பர் 2, திங்கள்

இந்த டைரி போன வருடத்தது. அக்கா வீட்டுக்காரர் கடையில் மீந்ததைக் கொடுத்தார். கிழமை எதுவும் பொருந்தாது. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன்.

அம்மா வேலையிலிருந்து வரும்போது ஒரு தாள் கொண்டுவந்தாள். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நானும் படித்தேன். ஜெபமணி டீச்சர் கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பம். இருபத்தேழாம் தேதி கடைசி. தை மாதத்திலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனால் ஒரு மணி வரை சொல்லித் தருவார்களாம்.

"எல்லாம் எழுதியாச்சு. ரெண்டு போட்டோ மட்டும் ஒட்டணும்" என்றாள் அம்மா.

அப்பா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பத்துலருந்து ஒண்ணு வரைக்குமா?" என்றார்.

"ஆமா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துருவா."

அப்பாவுக்குப் பதினொரு மணிக்கு ஒரு டீ, பன்னிரண்டுக்கு மாத்திரை, அதற்கு நடுவில் ஒருமுறை கைத்தாங்கலாகப் பின்பக்கம் போய்வர வேண்டும். அதை யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மெயின் ரோட்டில் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. அப்பா தலையைத் தூக்கிவிட்டார். "ஏளா வடிவு, ஸ்டுடியோ வச்ச கோமதிநாயகம் மக வெளிய போயி போட்டோ எடுக்கவா? ஊர் சிரிக்கும். நான் எடுப்பேன்."

டிசம்பர் 3, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. பதினாறு குடம்.

டிசம்பர் 5, வியாழன்

இன்று அப்பா என்னைப் படம் எடுத்தார்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மா பேரில் வடிவு ஸ்டுடியோ. ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சாப்டாச்சா ஸ்டுடியோ என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் சிரிங்க என்றோ ரெடி என்றோ சொல்லும் இடத்தில் அப்பா, "சாப்டாச்சா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் "ஆச்சு" என்பார். வாயை மூடின அந்த நொடியில் அமுக்கிவிடுவார். பதில் சொல்லி முடிக்கும்போது எவனுக்கும் கண் மூடாது, முகமும் விறைப்பாக இருக்காது என்பார். அவர் எடுத்த படத்தில் ஒருத்தர்கூடக் கண்ணை மூடியதில்லை. அம்பாசமுத்திரத்தில் பாதிப் பேருடைய கல்யாணப் படம், ரேஷன் கார்டு, மாலை போட்ட படம் எல்லாவற்றிலும் இப்போதுதான் சாப்பிட்டு முடித்த முகம் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரே அமுக்கு. பிலிம் காலத்துப் பழக்கம். ரெண்டாவது அமுக்கினால் தொழில் தெரியாதவன் என்று அர்த்தம்.

பின்கதவுக்குப் பக்கத்தில் வெள்ளைப் போர்வையைக் கட்டினேன். பீரோ மேலிருந்து கேமராவை எடுத்துக் கொடுத்தேன். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார்த்தினேன். வருகிற பங்குனியோடு இரண்டு வருடம் ஆகிறது, ஸ்டுடியோவிலேயே விழுந்துவிட்டார். இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. என் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

தலையை இறக்கு என்றார், தோளை இறக்கு என்றார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் டக்கென்று அமுக்கிவிட்டார்.

திரையில் பார்த்தால் கண் மூடியிருந்தது.

"நீ கண்ணை மூடிட்டட்டி" என்றார்.

"இன்னொண்ணு எடுங்கப்பா."

"அதெல்லாம் கிடையாது. ஒரு அமுக்குதான். முகம் ஆறட்டும். இன்னொரு நாள் பாப்போம்."

போர்வையைக் கழற்றித் துவைத்துப் போட்டேன். துவைக்க வேண்டியதே இல்லை.

டிசம்பர் 6, வெள்ளி

அப்பா மாத்திரையைத் துப்பிவிட்டார். கசக்கிறதாம். அதே மாத்திரைதான் இரண்டு வருடமாக.

டிசம்பர் 9, திங்கள்

மருந்துக் கடையில் கிருபா நின்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. "நீ எந்த குரூப்டி?" என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டு குரூப் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. எனக்கு எல்லாப் பதிலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். பேச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கேமரா. என் கண் மூடின படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா எடுத்துத் தந்தது?"

"உங்க அம்மாதான்."

அம்மா எட்டு மணிக்கே போய்விட்டாள். நான் ஒன்பது மணிக்குப் பீரோவைத் துடைத்தபோது கேமரா மேலேதான் இருந்தது போலிருக்கிறது. சரியாக ஞாபகம் இல்லை. துடைத்துவிட்டு நானே கட்டிலில் வைத்திருப்பேன்.

டிசம்பர் 11, புதன்

இரண்டாவது தடவை. மழை மூட்டம். மதியம் வெளிச்சம் வரும், பொறுங்கள் என்றேன். அப்பா கேட்கவில்லை. இப்போதே எடுப்போம் என்று காலையிலேயே எடுத்தார். இந்தத் தடவையும் எதுவும் கேட்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. பாதி முகத்தில் கதவு நிழல் வேறு.

"இது செல்லாது. தள்ளுபடி பண்ணிருவான்."

"இன்னைக்கு மதியமே எடுப்போமாப்பா?"

"பேட்டரி இறங்கிட்டு."

சார்ஜ் போட்டேன். மதியம் அப்பா தூங்கிவிட்டார். எனக்கு வருத்தமாக இருக்க வேண்டும். மாவு அரைத்தேன், அவருக்குக் காலில் எண்ணெய் தேய்த்தேன். சாயங்காலம் வரைக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது. மழை பெய்ததால் இருக்கலாம்.

அம்மா வந்ததும் கேட்டாள். "இன்னைக்கும் படம் விழலியா?"

"கண்ணு மூடிட்டும்மா."

அம்மா கேமராவை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கை கழுவப் போனாள்.

டிசம்பர் 12, வியாழன்

அம்மா அப்பா கல்யாண நாள் என்று இந்தப் பக்கத்தில் முன்பே எழுதி வைத்திருந்தேன். சேமியா இருந்தது, பால் இல்லை. அம்மா களைத்து வந்து படுத்துவிட்டாள். யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

அக்கா மகள் நிலாவுக்குக் காதுகுத்து. நாளை மார்கழி பிறந்துவிடும் என்பதால் இன்றே வைத்துவிட்டார்கள். மலையடிவாரத்தில் எங்கள் சாஸ்தா கோயில். வீட்டை விட்டு எல்லோரும் சேர்ந்து கிளம்பி ஆறு மாதம் இருக்கும். அப்பாவுக்கு மாற்று வேட்டி, மாத்திரை, தண்ணீர், குடை, பிளாஸ்டிக் நாற்காலி, கேமரா என்று எடுத்து வைத்து முடிக்கவே எனக்கு இடுப்பு விட்டுப்போனது. நான் தலை பின்னிக்கொள்ளவில்லை. வேனில்தான் முடிந்துகொண்டேன்.

கோயிலுக்குப் போனதும் அப்பா ஆளே மாறிவிட்டார். நாற்காலியை அங்கே போடு, இங்கே போடு, வெயில் முதுகுக்கு வரட்டும் என்று என்னை நாலு இடம் மாற்ற வைத்தார். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் பெரியப்பா மகன் சிவனணைந்த அண்ணன்தான் தாய்மாமனாக உட்கார்ந்து நிலாவை மடியில் வைத்துக்கொண்டான். மொட்டையில் சந்தனம். ஆசாரி ஊசியை எடுத்ததுமே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"ஏல, பிள்ளையை இந்தப் பக்கம் திருப்பு. சாப்டாச்சால?" என்றார் அப்பா.

"பந்தியே இன்னும் போடலியே சித்தப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு படம்.

பிறகு பொங்கல் வைத்தவர்கள், பூசாரி, மாமியார் வீட்டு ஆட்கள் எல்லோரையும் எடுத்தார். ஒவ்வொருத்தரிடமும் கேட்டார். அக்காவின் மாமியார், "நானே பசியில கெடக்கேன், நீங்க வேற கேட்டுக் கேட்டு எரிச்சலைக் கிளப்புதிய" என்றாள். அதையும் எடுத்தார்.

அம்மா என் பக்கத்தில் நின்று, "ஊர்ல போறவன் வர்றவனையெல்லாம் சாப்டாச்சான்னு கேட்ட மனுசன். வீட்டுல ஒருத்தியை ஒருநாள் கேட்டதில்ல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

குடும்பமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்றாள் அக்கா. அப்பாவும் அதில் இருக்க வேண்டும் என்று கேமராவை சிவனணைந்த அண்ணனிடம் கொடுத்தார்கள். சரிவான இடம். நாற்காலி பின்னால் சாயாமல் நான் குனிந்து பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றிப் படுக்கவைத்தேன். கோயிலில் நான் சாப்பிட்டேனா என்று யோசித்தேன். பொங்கல் ஒரு வாய் வாங்கியது ஞாபகம் இருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

கேமராவில் இருந்த காதுகுத்துப் படங்களை அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். முப்பத்தாறு. ஒன்றில்கூடக் கண் மூடவில்லை. கத்திக்கொண்டிருந்த நிலாவுக்குக்கூடக் கண்ணீருக்குள்ளே கண் பளிச்சென்று இருந்தது.

குடும்பப் படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். அப்பா தோளுக்குப் பக்கத்தில், நாற்காலி விளிம்பில் என் நாலு விரல் இருக்கிறது.

அம்மா மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

டிசம்பர் 19, வியாழன்

காலையில் நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வேலைக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். குழாயை மூடியிருந்ததால் எல்லாம் கேட்டது.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. முப்பத்தாறு படத்துல ஒரு கண்ணு மூடல. இவளுக்கு மட்டும் எப்படி ரெண்டு தடவை மூடுது?"

"அது அவ கண்ணு. நான் என்ன செய்ய?"

"அவகிட்ட சாப்டாச்சான்னு கேட்டியளா?"

கட்டில் கிறீச்சிட்டது.

"கேக்கேன்ல?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா படம் நல்லா விழுந்துருமே வடிவு."

அம்மா பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. "பெத்த பிள்ளை பரீட்சை எழுதக் கூடாதா?"

"எழுதக் கூடாதுன்னு சொல்லல. இந்த வருசம் வேண்டாம்னு பாத்தேன். நீ எட்டு மணிக்குப் போயிருவ. அவளும் போயிட்டான்னா பகல் பூரா இந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்."

"ரெண்டு வருசமா அவ எதைப் பாத்துக்கிட்டுக் கெடக்கா?"

அம்மாதான் மறுபடியும் பேசினாள். "பீரோ மேல இருக்க கேமராவை எடுத்தது யாருன்னும் எனக்குத் தெரியும். நான் எடுத்துத் தந்தேன்னு பேச்சிகிட்டச் சொன்னியளாம். காலு நிக்க ஆரம்பிச்சுட்டுல்ல?"

"சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு வரும். அவ்வளவுதான்."

"அந்த நாலு எட்டை எங்ககிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா அவ கையை எடுத்துருவா."

அம்மா போய்விட்டாள். நான் அப்பா வேட்டிக்கு நீலம் போட்டேன். அதிகமாகிவிட்டது. மூன்று தடவை அலசினேன், போகவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

பதினொரு மணி டீயை அப்பா பேசாமல் குடித்தார். டம்ளரை எப்போதும் தரையில் வைப்பார், இன்று என் கையில் கொடுத்தார். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். இந்த வீட்டில் பேசாமல் இருப்பது எனக்கு ஒருத்திக்குத்தான் வழக்கம். இன்று இரண்டு பேர்.

டிசம்பர் 22, ஞாயிறு

மூன்றாவது தடவை.

அம்மா போர்வையைக் கட்டினாள். என்னை உட்கார்த்தி வைத்து அவளே தலை வாரிவிட்டாள். அப்பா கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு கேட்டார்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு" என்றேன்.

கண் மூடிவிட்டது. தூசி விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மணல் இறக்கியிருக்கிறார்கள், காற்றில் வந்திருக்கும்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "உங்க ஒரு அமுக்குல இடி விழ! இன்னொண்ணு எடுங்க, ஒண்ணும் குறைஞ்சு போகாது." அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வேண்டாம்" என்றார். அம்மா அவரைத்தான் திட்டினாள். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

அம்மா போனதும் அப்பா கூப்பிட்டார். "ஏட்டி, இங்க வா. உக்காரு."

மூன்று படத்தையும் காட்டினார். "மொத ரெண்டும் என் வேலை. ஒத்துக்கிடுதேன். இது என் வேலை இல்ல."

"தூசிப்பா."

"தூசி விழுந்தா ஒரு கண்ணு சுருங்கும், மூக்குகிட்டத் தோலு மடங்கும். இதப் பாரு. ரெண்டும் ஒண்ணுபோல, கதவைச் சாத்துன மாதிரி இருக்கு. முப்பத்திரெண்டு வருசமா மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருக்கேன் தாயி."

நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க அம்மாகிட்டச் சொல்லல" என்றார். அப்புறம், "பயமா?" என்றார்.

டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். டம்ளரில் இன்னும் டீ இருந்தது. அவர் குடித்து முடிக்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

தூசி இல்லை.

எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழமையை அடிக்கிற மாதிரி. அடிக்கவில்லை.

வகுப்பில் என்னை வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன். உதடு அசையும், சத்தம் வராது. பின் பெஞ்சிலிருந்து "கேக்கல டீச்சர்" என்று கத்துவார்கள். ஒரு சார், உனக்குப் பேரை மாத்தி வைக்கணும் என்பார். அன்றைக்கு ஸ்டுடியோவிலிருந்து ஆள் ஓடிவந்து அப்பா விழுந்துவிட்டார் என்று சொன்னபோது நான் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன், பாதி வாசித்தபடி. புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன். எல்லோரும் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அழுதேன்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், இனி வாசிக்க வேண்டியதில்லை என்றும் ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கே பேச்சி, ஏன் வரவில்லை என்று யார் கேட்டாலும் அப்பாவைப் பார்க்க ஆள் இல்லை என்று அம்மா சொல்வாள். உண்மைதான். அது இருக்கும்வரை வேறு எதையும் நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா நாலு எட்டு நடக்கிறார் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வேட்டிக்கு நீலம் அதிகமானது அதனால்தான்.

கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் கடைசியாகப் போட்ட கணக்கு பாதியில் நிற்கிறது. அடுத்த வரி என்ன என்று தெரிந்தது. போடவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதால் அம்மா வீட்டில் இருந்தாள். பார்த்துவிடுவாளோ என்று நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 26, வியாழன்

நாளை கடைசித் தேதி. அம்மா காலையிலேயே மெயின் ரோட்டுக் கடையில் எடுத்துவிடலாம் என்றாள். "இன்னைக்கு ஒரு நாள் பொறு வடிவு" என்றார் அப்பா. "மத்தியானம் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். அங்கே கூட்டம், வர நேரமாகும் என்று தெரியும்.

அப்பாவுக்கு ஒரு மணிக்குச் சோறு கொடுத்து, வாய் துடைத்துவிட்டேன். பாத்திரம் விளக்கினேன். குழாயில் திடீரென்று தண்ணீர் வந்ததால் எட்டுக் குடம் பிடித்தேன். மணி இரண்டரை ஆகிவிட்டது. நான் இன்னும் சாப்பிடவில்லை. அம்மா வரட்டும் என்று இருந்தேன்.

"போர்வையைக் கட்டு" என்றார் அப்பா.

கட்டினேன். கேமராவை எடுத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். கை கொடுக்கப் போனேன்.

"நீ வராத. போயி உக்காரு."

கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தார். சுவரில் வலது கையை ஊன்றிக்கொண்டு வந்தார். இடது கால் தரையைத் தேய்த்தது. பீரோவுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு எட்டு. நாலு எட்டு என்று அம்மாவிடம் பொய்தான் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபோது சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"எப்போலருந்துப்பா?"

"ஐப்பசிலருந்து."

அவர் என்னைப் பார்க்காமல் கேமராவைத் துடைத்துக்கொண்டே பேசினார். "உனக்கும் பயம், எனக்கும் பயம். ஆளுக்கொரு பக்கம் கண்ணைக் கட்டிக்கிட்டுப் பாவம் உங்க அம்மாவைப் போட்டுச் சுத்த விடுதோம். ஜெபமணி டீச்சர் வீட்டுல உன்னைத் தவிர எத்தனை பேரு? நாலே பிள்ளைகளாம். அதுல ஒண்ணு உன்னை மாதிரி ஊமைக்கோட்டானாம். விசாரிச்சுட்டேன்."

"யாருகிட்ட?"

"போன் எதுக்கு இருக்கு?"

கேமராவைத் தூக்கினார். நாற்காலிக் கையில் முழங்கையை ஊன்றி நிறுத்திக்கொண்டார்.

"பேச்சி. சாப்டாச்சா?"

எல்லோரும் ஆச்சு என்றுதான் சொல்வார்கள். சாப்பிடாதவர்களும் சொல்வார்கள். போன தடவை நானும் அப்படித்தான் சொன்னேன். ஆச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் இல்லப்பா" என்று வந்தது.

அமுக்கிவிட்டார்.

கேமராவை உடனே இறக்கவில்லை. கண்ணோடு வைத்தபடியே இருந்தார். பிறகு இறக்கி, மணியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

படத்தில் வாய் சரியாக மூடவில்லை. இரண்டு பல் தெரிகிறது. கண் பெரிதாக இருக்கிறது. கொஞ்சம் கோபமாக இருக்கிற மாதிரிகூட இருக்கிறது. இது செல்லுமா என்று கேட்டேன்.

"காது ரெண்டும் தெரியுது, கண்ணு ரெண்டும் தெரியுது. வேற என்ன வேணும் அவனுக்கு?"

அம்மா வந்து பார்த்தாள். கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு பிரிண்ட் போட அப்படியே கிளம்பினாள். அரிசிப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன்.

டிசம்பர் 27, வெள்ளி

அப்பாவின் சாப்பாட்டைத் தட்டுப் போட்டு மூடி, சோற்றுப் பானை, குழம்பு, அப்பளம், தண்ணீர் எல்லாம் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் பத்து மணிக்கு நானும் அம்மாவும் கிளம்பினோம். மாத்திரையைப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து தண்ணீர்ச் செம்பை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினேன். "ஏட்டி, போ" என்றார்.

ஜெபமணி டீச்சர் விண்ணப்பத்தைச் சரிபார்த்தார்கள். போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "என்னமோ சொல்ல வர்ற மாதிரி இருக்கியே" என்றார்கள். நான் தரையைத்தான் பார்த்தேன். அதெல்லாம் ஒரு நாளில் மாறாது. டீச்சர் வற்புறுத்தவில்லை. அங்கிருந்து விண்ணப்பம் வாங்குகிற மையத்துக்குப் போய்ப் பதிந்தோம். ரசீதை அம்மா நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். அம்மா அப்படியே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள். நான் நடந்து வந்தேன். கால் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. தரையெல்லாம் சோறு. பானை மூடி கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. அப்பா வேட்டியில் குழம்பு. நேற்றுதான் நீலம் போய் வெளுத்த வேட்டி. மாத்திரைக் கிண்ணம் காலி. விளக்குமாற்றை எடுக்கப் போனேன்.

ஸ்டூலில் இன்னொரு தட்டு இருந்தது. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது. திறந்து பார்த்தேன். சோறு குவித்து வைத்துக் குழம்பையும் ஊற்றியிருந்தார். எப்போது ஊற்றினாரோ, சோறு நன்றாக ஊறிப்போயிருந்தது. ஓரத்தில் அப்பளம் ஒன்று, நமுத்துப்போய்.

"சாப்டாச்சா?" என்றார் அப்பா.

திரும்பி அவர் கையைப் பார்த்தேன். கேமரா பீரோ மேல் இருந்தது.

"இல்லப்பா" என்றேன்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சிந்திக்கிடந்த சோற்றுக்கு நடுவில் இடம் ஒதுக்கி உட்கார்ந்தேன். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைவு. நேற்று நான் வைத்த குழம்புதான்.